பின் இருக்கையின் எடை

செவ்வாய், மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை மாடி ஏறுகிறாள். ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், அதனால்தான் ஏறுகிறாள். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். குளியலறைக் குழாய் ஒழுகியதை நான் சரிசெய்துவிட்டேன். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். காகிதத்துக்கு நடுவே நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வேலை. உன் எடை வேண்டும். சென்ற வருட எடை, நீ ஆசைப்படும் எடை எதுவும் வேண்டாம். இந்த வாரம் மெஷினில் ஏறி நின்று பார்த்த எடை. இருபதாம் தேதி நீ ஓட்டப்போகும் விமானத்துக்கு எடைத்தாள் தயாரிக்கிறேன்.

அத்தையின் விமானம் தயாராகிவிட்டது. நாற்பத்தோரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இரண்டு வருடத்தில் நிமிர்த்திவிட்டேன். எஞ்சின் புதுசு மாதிரி உறுமுகிறது. இறக்கைத் துணி மாற்றியாகிவிட்டது. முன்னால் ஒரு இருக்கை, அதற்குப் பின்னால் ஒரு இருக்கை, இரண்டுக்கும் பழைய பெல்ட்டையே துவைத்துப் போட்டிருக்கிறேன், நெசவு இன்னும் கெட்டி. விமான கிளப் செயலாளர் தினமும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார். "மாவட்டத்தின் முதல் பெண் விமானியின் விமானம், அவர் போன அதே பாதையில், அவர் தம்பி மகள் ஓட்ட" என்று அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. மந்திரி வருகிறாராம். பறக்கத் தகுதியானது என்று நான் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

நான் போடவில்லை. காரணம், இந்தக் கடிதத்தோடு இருக்கும் நகல்கள். விமானத்தின் பழைய குறைப் புத்தகம் அப்பாவின் மர அலமாரியில், பழைய சட்டைகளுக்குக் கீழே இருந்தது. விமானக் கொட்டகை வழக்கம் உனக்குத் தெரியும். இறங்கியதும் விமானி குறையை இடப்பக்கம் எழுதுவார். இன்ஜினியர் பார்த்துச் சரிசெய்து வலப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் அடுத்த முறை சக்கரம் உருளக் கூடாது. இடப்பக்கம் அத்தையின் கையெழுத்து, தட்டச்சு அடித்தது போல நேராக. வலப்பக்கம் அப்பா.

அத்தை தபால் மூட்டைகளைப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு தீவுக்குப் போவாள், இறக்கிவிட்டுக் காலி இருக்கையோடு திரும்புவாள். திரும்பும்போதுதான் அந்தக் குறை. நாலு மாதத்தில் பதினொரு முறை எழுதியிருக்கிறாள்.

முதல் முறை: "கலங்கரை விளக்கைத் தாண்டியதும் வால் பக்கம் கனக்கிறது. பின் இருக்கையில் ஒரு ஆள் ஏறியது போல. மணல் திட்டு வந்ததும் சரியாகிவிடுகிறது."

அப்பா: "தரையில் சோதித்ததில் குறை இல்லை."

மூன்றாம் முறையும் அதே குறை. அப்பா கிண்டலாக, "சாப்பாட்டு டப்பாவைச் சிறியதாக்கவும்" என்று எழுதியிருக்கிறார். அக்கா தம்பி விளையாட்டு. அதற்கு அத்தை நாலாம் முறை: "டப்பா காலி. நானும் காலி வயிறு. கனம் அப்படியே."

ஏழாம் முறை: "திரும்பிப் பார்க்க நினைத்தேன். பெல்ட் விடவில்லை. பெல்ட்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்."

பதினொன்றாம் முறை எழுதியதை நகலில் நீயே படி. எனக்கு அதைக் கையால் எழுதப் பிடிக்கவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்: "இன்று கனம் வர ஒரு நிமிடம் தாமதம். காத்திருந்தேன். வந்தது."

அதற்கு எதிரேயும் "தரையில் சோதித்ததில் குறை இல்லை". பன்னிரண்டாவது பயணத்திலிருந்து விமானத்தை மட்டும் மீட்டு வந்தார்கள், அத்தை திரும்பவில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். நம்புவது எடை, நீளம், வெப்பம். விமானத்தின் மூக்கு ஏறினாலும் இறங்கினாலும் சமன்செய்ய முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ட்ரிம் சக்கரம் இருக்கிறதே, அதை எத்தனை பல் திருப்பினாள் என்று அத்தை ஒவ்வொரு முறையும் குறித்திருக்கிறாள். போகும்போது மூட்டைகளின் எடையும் இருக்கிறது, அதற்குத் திருப்பிய பல்லும் இருக்கிறது. இரண்டையும் வைத்து வரைபடம் போட்டேன். திரும்பும்போது அந்தக் காலி இருக்கையில் இருந்தது ஐம்பத்தெட்டு கிலோ. பதினொரு முறையும் அதேதான். ஒரு கிலோ முன்பின் இருக்கலாம்.

வால் பக்கம் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. கண்டுபிடிக்கிறேன். நீ எடையை அனுப்பு.

கையில் கிரீஸோடு,
உன் தம்பி


வெள்ளி, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எடை எழுதிய வரியை மூன்று தடவை படித்தேன். ஐம்பத்தெட்டு. ஊரில் பாதிப் பேர் ஐம்பத்தெட்டு கிலோதான் இருப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேறு ஒரு மெஷினில் ஏறிப் பார்.

அம்மா உனக்கு நீலத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. சொல்லிவிடாதே.

தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. வால் பகுதியைப் பிரித்து, கேமராவை விட்டுப் பார்த்தேன். ஒரு பழைய போல்ட்டும் ஒரு சிலந்தியும் கிடைத்தன, இரண்டும் சேர்ந்து நாற்பது கிராம் வராது. பிறகு இரண்டு இருக்கைக்கு அடியிலும் எடைத் தட்டு வைத்து, நொடிக்கு நொடி பதிவு செய்யும் பெட்டியோடு இணைத்தேன். காலி இருக்கையின் பெல்ட்டை வழக்கம் போல முழுக்க இழுத்து இறுக்கிப் பூட்டினேன், தொங்கினால் எதிலாவது சிக்கும். புதன்கிழமை காலை பத்து மணி, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நம் மீசை சார் ஓட்டினார். உன்னைப் பயிற்சியில் பாடாய்ப் படுத்திய அதே ஆள்தான்.

தீவைச் சுற்றித் திரும்பி இறங்கினார். எஞ்சினை அணைத்த பிறகும் ஏணியில் கால் வைக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும், திரும்பாமலே, "பின்னாடி யாரடா உக்கார வச்சே?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். நீங்களே பாருங்க."

"நான் பாக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். ஆள் இல்லை. ஆனால் பெல்ட் தளர்ந்திருந்தது. பூட்டு பூட்டியபடி, பட்டை மட்டும் ஒரு ஆள் இடுப்பு அளவுக்கு வெளியே வந்திருந்தது.

குறையைப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். "போடா டேய், இதை எழுதினா அடுத்த மெடிக்கல்ல என்னைத் தரையில உக்கார வச்சுடுவான். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நேராகக் கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார்.

பதிவை எடுத்துப் பார்த்தேன். முன் இருக்கையில் மீசை, எண்பத்து நாலு கிலோ. பின் இருக்கை பத்து நாற்பத்திரண்டு வரை பூஜ்யம். கலங்கரை விளக்கைத் தாண்டியதும் ஐம்பத்தொன்று. மணல் திட்டு வரும்வரை ஐம்பத்தொன்று. பிறகு பூஜ்யம். அதிர்வாக இருந்தால் கோடு நடுங்க வேண்டும். இது நடுங்கவில்லை. இடையிடையே லேசாக ஏறி இறங்கியது, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தால் எப்படி ஏறி இறங்குமோ அப்படி. தட்டை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், நேற்று மறுபடி ஓட்டச் சொன்னேன். அதே இடம், அதே ஐம்பத்தொன்று, அதே பெல்ட்.

அத்தையின் மருத்துவச் சான்று குறைப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது. உயரம், கண் பார்வை, எடை. எடை ஐம்பத்தொன்று.

அப்பாவிடம் போனேன். வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டு, "நீங்க நிஜமா சோதிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இங்கிதமாகக் கேட்டிருக்கலாம், எனக்கு வராது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு அவர் சொன்னதெல்லாம் உனக்கும் தெரியாதவை.

அத்தை அந்த கிளப்பில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாளாம். "டைப்பு" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மற்றவர்களின் பயிற்சி விண்ணப்பங்களை அடித்து அடித்து, ஒரு நாள் தனக்கும் ஒன்று அடித்துக்கொண்டாள். "டைப்பு பறக்கப் போறாளாம், மேசையையும் கட்டி அனுப்புங்கப்பா" என்று சிரித்தார்களாம். வீட்டு ஆண் ஒருவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். தாத்தா அப்போது இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஆண், பதினாறு வயது அப்பா. அதற்கு முன் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லையாம். பழைய பேப்பரில் முப்பது தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டாராம். "நான் போட்ட முதல் கையெழுத்துல அவ பறந்தா" என்றார்.

கொட்டகையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் பறக்கும் நாட்களில் அத்தை விடியலிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். லைசென்ஸ் வாங்கிய அன்று பத்திரிகைக்காரர் ஒருவர், சமைப்பீர்களா என்று கேட்டாராம். "நல்லா சமைப்பேன். ஆனா அடுப்பு ரன்வேயில ஓட மாட்டேங்குதே" என்றாளாம். இதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார். சிரித்து முடித்ததும் மற்றதைச் சொன்னார்.

முதல் நாலு முறை நிஜமாகவே சோதித்திருக்கிறார். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி. பதினொன்றாம் முறை மூடியைக்கூடத் திறக்கவில்லை. அன்று அம்மா சினிமா டிக்கெட்டோடு வாசலில் நின்றிருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "படம் ஆரம்பிச்சுடும்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடினேன்" என்றார். நல்ல படமா என்று கேட்கத் தோன்றியது.

பன்னிரண்டாம் பயணத்துக்குப் பிறகு தேடிப் போன படகில் அப்பாவும் இருந்தார். மணல் திட்டில் விமானம் ஒரு கீறல் இல்லாமல் நின்றதாம். எஞ்சின் முறைப்படி அணைக்கப்பட்டிருந்தது. ஈர மணலில் சக்கரத் தடங்கள் அச்சுப் போட்டது மாதிரி இருந்தன. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. முன் இருக்கை பெல்ட் அவள் இடுப்பு அளவில் பூட்டியபடியே இருந்தது. அவள் அதைக் கழற்றவே இல்லை. பின் இருக்கை பெல்ட்டும் பூட்டியிருந்தது. காலி இருக்கைக்கு இறுக்குவது போல இறுக்கி இல்லை. ஒரு ஆள் அளவுக்கு. யாரும் பார்ப்பதற்குள் அப்பா அதை இழுத்து இறுக்கிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். "குறை இல்லைன்னு எழுதிட்டேனேடா" என்றார்.

அக்கா, சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. அத்தைக்குப் பின்னால் நாற்பத்தோரு வருடத்துக்கு முன் உட்கார்ந்திருந்தது ஐம்பத்தெட்டு கிலோ. நீ ஐம்பத்தெட்டு கிலோ. இப்போது அந்த இருக்கையில் வந்து உட்காருவது ஐம்பத்தொன்று. அது அத்தையின் எடை. இது எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபித்தால் நிம்மதியாக இருப்பேன்.

வராதே. காய்ச்சல் என்று தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


வியாழன், காலை

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் கிடைத்தது. காய்ச்சல் இல்லை, நல்ல ஆரோக்கியம் என்று எழுதியிருக்கிறாய். கொழுப்பு. எடையைக் குறைத்துவிட்டு வரட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். கொட்டகையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மெக்கானிக்குகள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "அவங்க பதினொரு தடவை எழுதினாங்க, ஒருத்தரும் ஏறிப் பாக்கல. நானும் போகலைன்னா பன்னிரண்டாவது தடவையும் யாரும் பாக்கலைன்னு ஆயிடும். தரைல நின்னுக்கிட்டு நீயும் அப்பா மாதிரிப் பேசாதே." இந்த வரியை எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறாய், பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். செயலாளரிடம் கையெழுத்துப் போட முடியாது என்றேன். "தம்பி, சாமியாடிட்டு இருக்காதே, பந்தலுக்குச் சொல்லியாச்சு" என்றார். பதிவைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். புதிய குறைப் புத்தகத்தில் மீசை எழுத மறுத்ததை நானே எழுதினேன், நேரம், எடை, பெல்ட் எல்லாம். வலப்பக்கத்தில், "குறை உண்மை. காரணம் தெரியவில்லை. பறக்கத் தகுதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்துவிட்டார்கள். கெட்ட ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் நேர்மையாகப் பார்த்தார், என் வேலையைப் பாராட்டினார், காபி குடித்தார், எனக்குக் கீழே எழுதினார்: "தரையில் சோதித்ததில் குறை இல்லை." சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். அப்பாவைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, எல்லோரும் இப்படித்தானே எழுதுவோம் என்றார். ஆமாம், நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

ஆக, காகிதத்தில் விமானம் தயார். படித்துவிட்டு ஏறுவதா இல்லையா என்பது விமானியின் முடிவு. அதனால்தான் அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்புகிறேன். மேலே இருப்பது என் கையெழுத்து.

நேற்று அப்பா கொட்டகைக்கு வந்தார். நாற்பத்தோரு வருடத்தில் முதல் முறை. பழைய புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். விமானத்தைத் தொடவில்லை. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து, தன் வாக்கியத்தை அடித்தார், பேனா நிதானமாகப் போனது. கீழே எழுதினார்: "குறை உண்மை. நான் பார்க்கவில்லை." கையெழுத்து. தேதி போடும்போது நிறுத்திவிட்டு, "எந்தத் தேதிடா போடறது?" என்று என்னிடம் கேட்டார். இன்றைய தேதி என்றேன். போட்டார்.

பிறகு புத்தகத்தைப் பின் இருக்கையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் எடுக்கப் போனேன். இருக்கையில்தான் இருந்தது. மூடி வைத்த புத்தகம் திறந்திருந்தது. காற்று என்று எழுதத்தான் ஆசை. கொட்டகைக் கதவுகள் சாத்தியிருந்தன. பெயின்ட் அடித்த வாடை போகாமல் தொண்டையைப் பிடித்தது, அவ்வளவு சாத்தியிருந்தன.

இனி நீ வராதே என்று எழுத மாட்டேன். எழுதினால் கேட்கிற ஆளா நீ. அதனால் வேலையை மட்டும் சொல்கிறேன், கவனமாகப் படி.

பின் இருக்கையின் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டேன், அங்கே இனி எதுவும் எதிலும் சிக்காது. அன்று மட்டும் காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டாதே. விமானிகள் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று தெரியும், செய். ஏறுகிறவர் இறங்க வழி இருக்கட்டும். எடைத்தாளில் முன் இருக்கைக்கு ஐம்பத்தெட்டு, பின் இருக்கைக்கு ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கிறேன். செயலாளர் அது யார் என்று கேட்டார். எங்க அத்தை என்றேன். விழாக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினார்.

கலங்கரை விளக்கைத் தாண்டியதும் கனம் வரும். ட்ரிம் சக்கரத்தை ஆறே கால் பல் திருப்பு, சமனாகிவிடும். பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசு. கனம் வரத் தாமதமானால் மட்டும் காத்திருக்காதே. அத்தை காத்திருந்தாள். மணல் திட்டு கண்ணில் பட்டால், அது எவ்வளவு சமதளமாக, எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், மூக்கைக் கீழே காட்டாதே.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஸ்வெட்டரின் குட்டைக் கையைப் பிரித்து மறுபடி பின்னுகிறாள். அப்பா தன் பழைய வேலைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அன்று கட்டைகளை எடுத்து வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் போவது அவர்தானாம், வேறு யாரும் தொடக் கூடாதாம்.

நான் இடப்பக்க இறக்கைக்குக் கீழே, ஏணிக்கு அருகில் நிற்பேன். எஞ்சின் நின்றதும் கூட்டம் கை தட்டும், மந்திரி மாலையோடு வருவார். யாரையும் பார்க்காதே. முதலில் உன் பெல்ட்டை நீயே கழற்று. அந்த 'டக்' சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். பிறகு ஏணியில் ஒரு கால், அடுத்த கால், தரையில் அழுந்த மிதித்து வா. அன்று காலை ஓடுபாதை ஓரம் முழுக்க ஈர மணல் கொட்டி வைக்கிறேன். அதில் உன் காலடித் தடத்தை என் கண்ணால் பார்த்தால் போதும், அக்கா. அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்.

போய்விட்டு வா.

கீழே நிற்கும்,
உன் தம்பி